எக்ஸ்ரே படக் கல்வியும் நம் இளைஞரும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியெய்தியும், வைத்தியப் படிப்புக்கு வேண்டிய புள்ளி கிடையாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் கல்குடாவிலும் உண்டு, வாழைச்சேனையிலும் உண்டு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அதே பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். டொக்டர் ஆகாவிட்டால் படித்த படிப்பெல்லாம் வீண் என்பது பெற்றோர் எண்ணம். அவர்களுக்காகவே எக்ஸ்ரே படம் பிடிப்பவரின் கல்வியைப் பற்றி இன்று பேச வந்தேன்.

“பொத்தானை அமுக்குவதற்கும் ஒரு படிப்பா?” என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. நாம் காண்பது அந்தப் பொத்தானைத்தானே! ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் பெரியதொரு சரித்திரம் இருக்கிறது.

1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் ரொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் இக்கதிரைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டு முடியுமுன் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்தன. 1901இல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. ஆதலால் உலகமெங்கும் இது விரைவிற் பரவியது. கூடவே ஆபத்தும் பரவியது. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தம் கைகளையே கதிரின் முன் திரும்பத் திரும்ப நீட்டிப் பரீட்சித்தார். கைகள் புண்ணாகி வெட்டப்பட்டன. 1904இல் அவர் இறந்தார். ஹம்பர்க் நகரில் 1936இல் எழுப்பிய நினைவுத் தூணில், இக்கதிரால் மாண்ட 169 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் தாதியரும் அவர்களுள் அடங்குவர்.

அவர்கள் உயிர் கொடுத்துத் தெரிந்து கொண்டதையே இன்று மாணவர் வகுப்பில் இருந்து கற்கிறார்கள். கதிர் ஊடுருவும் வலிமையை மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. கதிரின் அளவை மின்னோட்டமும் நேரமும் தீர்மானிக்கின்றன. கதிர்க்குழாயிலிருந்து இரட்டிப்புத் தூரம் விலகி நின்றால் மேலே படும் கதிர் காற்பங்காகும். வேண்டிய இடத்தில் மாத்திரம் கதிர் விழும்படி அதன் வாயைச் சுருக்க வேண்டும். பெண்ணாயின் வயிற்றிற் பிள்ளை உண்டா என்று முதலிற் கேட்டறிய வேண்டும். வலப்பக்கம் இடப்பக்கம் காட்டும் அடையாளத்தைப் படத்தில் வைக்க வேண்டும். இது தவறினால் கத்தியே தவறான பக்கத்தில் விழலாம். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், பௌதிகம், கதிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றுடன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடையே நின்று பழகும் பயிற்சியும் உண்டு.

ஒரு சாதாரண நெஞ்சுப் படத்தால் உடலிற் படும் கதிர், மண்ணிலும் வானத்திலுமிருந்து எவர்மேலும் இயற்கையாகப் படும் கதிரில் சில நாட்களுக்குரிய அளவே. ஆகவே பயப்படத் தேவையில்லை. வீணாகத் திரும்ப எடுப்பதுதான் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு சம்பவம். நம் பகுதி மூதாட்டி ஒருவர் சளிநோய்க்கு வெளிமாவட்ட ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். துணைக்குப் போனவன் நான். நெஞ்சுப் படத்துக்கு நாடியை நிமிர்த்தித் தோள்களை முன்னே தள்ளி, மூச்சை நிறைய இழுத்து அடக்க வேண்டும். படம் எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆச்சிக்கு வேறு மொழி தெரியாது. கையாற் காட்டினார், பாவம், நல்ல மனிதர்தான். ஆச்சி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை விட்டார். படம் கலங்கியது. மூன்றாம் முறை என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, “மூச்சை இழுங்க ஆச்சி, அப்படியே பிடிங்க” என்று சொல்லச் சொன்ன பிறகே படம் சரிவந்தது. ஒரு முறை படவேண்டிய கதிர் மும்முறை பட்டது. நம் பிள்ளை ஒருவர் அந்த அறையில் நின்றிருந்தால் இது நேர்ந்திராது அன்றோ?

சேரும் வழியைச் சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்தில் இதற்கு நான்கு வருடப் பட்டப்படிப்பு உண்டு. இசட் புள்ளிப்படி தெரிவு நடக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பத்துக்குரிய கற்கைகளை வரிசையாக எழுதும்போது இதையும் எழுத வேண்டும். எழுதாத படிப்பு எவருக்கும் கிடையாது. வைத்தியத்தை மாத்திரம் எழுதிவிட்டுப் பின்னர் கண்ணீர் விட்ட பிள்ளைகளை நான் அறிவேன். படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் இப்போதே ஆங்கிலத்திலும் கவனம் வேண்டும். பட்டம் பெற்றபின் இலங்கை மருத்துவப் பேரவையிற் பதிவு செய்தல் வேண்டும்.

பௌதிகம் என்றால் பிள்ளைகளுக்கு நடுக்கம். நம் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமாவும், 1920இல் லண்டன் பி.எஸ்ஸி. பட்டமும் பெற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. துறவிக்கு ஆகாத பாடமல்ல அது. நமக்கு மட்டும் எப்படி ஆகாமற் போகும்?

சனிக்கிழமைகளில் பூசை முடிந்தபின் மன்ற மண்டபத்தில் ஒரு மணி நேரம் பௌதிகம் சொல்லித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். தம்பி என்றும் தங்கை என்றும் பேதமில்லை. விருப்பமுள்ளோர் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பப் படிவம் நிரப்புவோர் அதையும் கொண்டுவந்தால் சேர்ந்திருந்து பார்க்கலாம்.