இரும்பு ஊர்களின் வாழ்வும் வருங்காலமும்

ஓர் ஊர் தோன்றுவதற்கு ஆற்றங்கரை காரணமாகலாம். கோயிலோ சந்தையோ துறைமுகமோ காரணமாகலாம். இவ்வாறு எழுந்த ஊர்களுக்கு முடிவு நாள் என்று ஒன்று முன்கூட்டியே குறிக்கப்படுவதில்லை. மண்ணுக்கடியில் உள்ள தாதுவை நம்பி எழும் ஊரின் நிலை வேறு. விளைநிலம் ஆண்டுதோறும் விளையும். சுரங்கம் ஒருமுறைதான் விளையும். சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்படும் ஒவ்வொரு டன்னும் ஊருக்கு அன்றைய வருவாய். அதுவே ஊரின் ஆயுளில் ஒரு நாள் கழிவதும் ஆகும். இந்தியாவில் இரும்பை நம்பித் தோன்றிய ஊர்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறி, திட்டமிடுவோர் அதிலிருந்து அறியவேண்டியது யாது என ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

காடு இருந்தவரை இரும்பு

இரும்பு உருக்கும் கலை இந்நாட்டுக்குப் புதிதன்று. மத்திய இந்தியாவின் அகரியர், சோட்டா நாகபுரியின் அசுரர் போன்ற பழங்குடியினர் களிமண் உலைகளில் தலைமுறை தலைமுறையாக இரும்பு உருக்கி வந்தனர். தெலுங்கானாப் பகுதியின் கோனசமுத்திரத்தில் உருவான எஃகைத் தேடிப் பாரசீக வணிகர்கள் வந்தனர். தமிழகத்தின் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளும் இத்தொழிலின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன.

இவ்வளவு பரந்த தொழில் இருந்தும், இரும்பை மட்டுமே நம்பிய பெருநகரம் எழவில்லை. அதற்குக் காரணம் கரி. அந்நாளைய உலைகள் மரக்கரியால் எரிந்தன. சுற்றியுள்ள காடு குறைந்தால், உலையை வேறிடத்தில் கட்டிக்கொள்வது எளிது; கரியைத் தொலைவிலிருந்து சுமந்து வருவது கடினம். ஆகவே உலை காட்டைத் தொடர்ந்தது. மக்கள் உலையைத் தொடர்ந்தனர்.

மரக்கரியைக் கொண்டே பெருந்தொழில் நடத்த முயன்றவர், சென்னை மாகாணத்தில் கம்பெனி அலுவலராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத். 1830-ஆம் ஆண்டு பறங்கிப்பேட்டையில் அவர் தொடங்கிய ஆலைக்குத் தாது சேலம் பகுதியிலிருந்து வந்தது. தாதுவுக்குக் குறைவில்லை, ஆனால் கரிக்கான செலவு ஏறிக்கொண்டே சென்றது. பல கைகள் மாறிய அம்முயற்சி 1860-களில் முடிவுற்றது. இரும்புத் தொழில் ஓரிடத்தில் நிலைகொள்ள வேண்டுமானால், நிலக்கரியும் இருப்புப்பாதையும் ஒருங்கே அமையவேண்டும் என்பது புலனாயிற்று.

உலை ஊரும் தாது ஊரும்

அவ்விரண்டும் அமைந்த இடம் வங்காளத்தின் பராக்கர் ஆற்றங்கரை. 1870-இல் அங்கே நிறுவப்பட்ட வங்காள இரும்பாலை, 1875 முதல் ஊதுலையில் இரும்பு வார்த்தது. குல்டி என்னும் ஊர் இவ்வாறு உருவாயிற்று. அடுத்த பெரும் முயற்சி டாட்டாவினுடையது. அதன் தொடக்கத்தில் இரண்டு மலைகள் இடம்பெறுகின்றன. இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தள்ளி-ராஜ்ஹரா குன்றுகளில் வளமான தாது உண்டென்பது 1904 வாக்கில் டாட்டாவின் நிபுணர்களுக்குத் தெரிந்திருந்தது. நிலவியல் அறிஞர் பிரமதநாத் போஸ் அதனை முன்னரே குறித்திருந்தார். எனினும் நிலக்கரி தொலைவில் இருந்தது. அவ்வேளையில், மயூர்பஞ்சு சமஸ்தானத்தில் பணியாற்றிய அதே போஸ், அங்குள்ள கோருமகிசானி மலையின் தாதுவைப் பற்றி 1904 பிப்ரவரி 24-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த மலையிலிருந்து ஜாரியா நிலக்கரி வயல் எட்டும் தொலைவில் இருந்தது. முதல் மலை கைவிடப்பட்டது. இரண்டாம் மலை தேர்ந்தெடுக்கப்பட்டது.

1907-இல் கம்பெனி தோன்றியது. சுவர்ணரேகா, கர்க்காய் ஆறுகள் கூடும் இடத்தருகே சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்கு இடமாயிற்று. 1911 டிசம்பரில் இரும்பும், 1912 பிப்ரவரியில் எஃகும் வெளிவந்தன. 1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஆறாயிரத்தை எட்டாத ஊர், பத்தாண்டுகளில் ஐம்பதாயிரத்தைக் கடந்தது. 1919-இல் அது ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். இரும்பு ஒரே வகையான ஊரைத் தோற்றுவிப்பதில்லை. உருக்கும் இடத்தில் உலை ஊர் எழுகிறது. வெட்டும் இடத்தில் தாது ஊர் எழுகிறது. ஜாம்ஷெட்பூர் உலை ஊர். கோருமகிசானி தாது ஊர். 1925-இல் நோவாமுண்டிச் சுரங்கம் தொடங்கியபின், ஆலைக்கு வேறு மலையின் தாதுவும் கிடைத்தது. ஒரு மலை குறைந்தால் மற்றொரு மலையிலிருந்து தாது தருவிக்க உலை ஊரால் முடியும். தாது ஊரால் வேறு மலையைத் தன்னிடத்துக்குக் கொண்டுவர இயலாது. ஜாம்ஷெட்பூர் மாநகரமாக வளர்ந்தது. அதற்கு முதல் தாது அளித்த கோருமகிசானியின் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.

உலை ஊருக்கும் முழுக் காப்பு உண்டென்று கொள்ளலாகாது. நாட்டின் நவீன இரும்புத் தொழிலுக்கு முன்னோடியான குல்டியின் ஆலையில் 2003-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்னர்ச் சிறிய அளவிலேயே வேலை மீண்டும் தொடங்கியது. எனினும் உலை ஊரின் சரிவு மெல்ல நிகழ்வது. பட்டறைகளும் கைத்திறனும் சந்தையும் அதற்குள் ஊரில் வேரூன்றிவிடுகின்றன. தாது ஊரின் முடிவோ ஒரே ஆணையில் வந்துவிடக்கூடும்.

ஒரே நாளில் நின்ற சுரங்கம்

அதற்குக் கருநாடகத்தின் குதுரேமுகம் தக்க சான்று. குதிரையின் முகம் போலத் தோன்றுவதால் அம்மலைக்கு இப்பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடர்ந்த மழைக்காட்டில், துங்கை, பத்திரை, நேத்திராவதி ஆறுகள் பிறக்கும் பகுதியில் அது உள்ளது. அங்குள்ள தாதுவில் இரும்பின் அளவு ஏறத்தாழ 38 விழுக்காடு மட்டுமே. ஆதலால் பாறையைப் பொடியாக்கிச் செறிவூட்டிய பின்னரே விற்க முடியும். 1976-இல் இதற்கென அரசு நிறுவனம் அமைந்தது. ஈரான் கடனளித்து, செறிவூட்டிய தாதுவை வாங்கிக்கொள்ள உடன்பட்டது. ஆண்டுக்கு 75 இலட்சம் டன் செறிவூட்டிய தாது இலக்கு. அதற்கு வெட்டவேண்டிய பாறை இரண்டு கோடி டன்னுக்கும் மேல். பொடித்த தாது நீருடன் கலந்து கூழாகி, 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூர்த் துறைமுகத்தை அடைந்தது. எஞ்சிய கழிவு லக்யா அணைக்குள் தேங்கியது.

1979-இல் ஈரானில் புரட்சி நிகழ்ந்தது. தாதுவை வாங்க அந்நாடு முன்வரவில்லை. நிறுவனம் வேறு நாடுகளின் சந்தையைத் தேடி நிலைபெற்றது. ஆனால் காட்டைப் பற்றிய கேள்வி தீரவில்லை. 1987-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 2005 டிசம்பர் 31-ஆம் நாளோடு சுரங்கம் நின்றது. ஆற்றையும் காட்டையும் காக்க எழுந்த அத்தீர்ப்பின் தேவையை மறுப்பதற்கில்லை. சுரங்கத்தை நிறுத்த நாள் குறிக்கப்பட்டதே, அதை நம்பிய ஊர் எங்குச் செல்லும் என்பதற்குத் திட்டம் எங்கே என்பதுதான் இங்கு எழும் வினா.

பள்ளி, மருத்துவமனை, அங்காடி, விளையாட்டுத் திடல் அனைத்தும் கொண்ட நேர்த்தியான குடியிருப்பு அது. ஆயினும் வேலை நின்றதும் விரைவில் வெறுமையடைந்தது. இதன் காரணத்தை நிறுவனக் குடியிருப்புகளின் அமைப்பிலேயே காணலாம். அங்கே வீடு வேலையோடு சேர்ந்தது. பணி ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்யவேண்டும். நிலம் நிறுவனத்துடையதாகவோ காட்டுத் துறையுடையதாகவோ இருக்கும். தொழிலாளி சொந்தமாக ஒரு மனை வாங்க வழியில்லை. ஆகவே அத்தகைய குடியிருப்பில் பிள்ளைகள் உண்டு. தாத்தாவும் பாட்டியும் அரிது. மூன்று தலைமுறை ஒன்றாக வாழாத இடத்தில் ஊர் என்னும் பற்று வேர்விட நாளாகும். சம்பளம் நின்ற நாளில் மக்களை அங்கே பிடித்துவைக்க எதுவும் இருப்பதில்லை.

தொழிலாளர் எழுப்பிய ஊர்

இதற்கு மாறான படிப்பினை, டாட்டா கைவிட்ட தள்ளி-ராஜ்ஹராவில் கிடைக்கிறது. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த பிலாய் எஃகாலையின் முதல் ஊதுலை 1959 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. அதற்குத் தாது தந்தவை இக்குன்றுகளே. நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்கு ஒழுங்கான வீடுகள் கிடைத்தன. தாதுவைக் கையால் வெட்டி ஏற்றிய பல்லாயிரம் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அவ்வசதி இல்லை. அவர்கள் தாமே குடிசைகள் எழுப்பிக்கொண்டனர்.

1977-இல் அத்தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். சங்கர் குகா நியோகி அதன் தலைவரானார். அவ்வாண்டு ஜூன் மாதம் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். அவர்கள் நினைவாக, தொழிலாளரின் பணத்தாலும் உழைப்பாலும் 1983-இல் 'ஷகீது' மருத்துவமனை எழுந்தது. மதுவிலக்குப் பிரசாரமும் அச்சங்கத்தின் பணியாயிற்று. இயந்திரங்கள் புகுந்தால் வேலை பறிபோகும் என்ற நிலை வந்தபோது, மனித உழைப்பும் இயந்திரமும் இணையும் பகுதி இயந்திரமயம் என்னும் மாற்றுத் திட்டத்தைச் சங்கம் முன்வைத்தது. நியோகி 1991 செப்டம்பர் 28-ஆம் நாள் பிலாயில் கொலையுண்டார். மருத்துவமனை அவருக்குப் பின்னும் தொடர்ந்து இயங்கியது.

ராஜ்ஹராவின் வளமான தாது பெரிதும் குறைந்துவிட்டது. பிலாயின் வருங்காலத் தேவைக்கு ராவ்காட் மலையை நோக்கி இருப்புப்பாதை நீட்டப்பட்டது. தள்ளி-ராஜ்ஹராவின் வேலைவாய்ப்பு முன்போல் இல்லை. ஆயினும் அங்கே நகராட்சி உண்டு, கடைவீதி உண்டு, மக்கள் தமது என்று கருதும் மருத்துவமனை உண்டு. வரைபடத்தில் இடம்பெறாத குடிசைப் பகுதியே ஊரின் உயிர்நிலையாக அமைந்தது என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஊருக்கும் ஒரு திட்டம்

சத்தீஸ்கரின் தென்கோடியில் உள்ள பைலாடிலா மலைத்தொடர் எருதின் திமிலைப் போன்றது என்பர். அங்கு 1968-இல் தொடங்கிய சுரங்கத்தின் தாது, மலைகளைக் குடைந்து அமைத்த இருப்புப்பாதை வழியே விசாகப்பட்டினம் சென்று ஜப்பானுக்குக் கப்பலேறியது. கிரந்துல், பச்சேலி என்னும் தாது ஊர்கள் அவ்வாறு தோன்றின. அத்தாதுவைக் கொண்டு பஸ்தர் மண்ணிலேயே எஃகு ஆக்கும் நகர்நார் ஆலை 2023-இல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாது சென்றது. உலை வரத் தாமதமாயிற்று. மலை கொடுத்ததில் எவ்வளவு மலையடிவாரத்தில் தங்கியது என்ற வினாவைப் பழங்குடி மக்கள் எழுப்புவது நியாயமே.

சட்டம் இத்திசையில் சில அடிகள் எடுத்துவைத்துள்ளது. 2003 முதல் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் கட்டாயமாயிற்று. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் அமைந்தன. ஏலமின்றி முன்னரே அளிக்கப்பட்ட குத்தகைகளில் உரிமத் தொகையின் 30 விழுக்காட்டுக்கு ஈடான தொகையும், ஏலத்தில் அளிக்கப்பட்டவற்றில் 10 விழுக்காட்டுக்கு ஈடான தொகையும் இவற்றுக்குச் சேர்கின்றன. குடிநீர், உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்கு முன்னுரிமை உண்டு.

எனினும் மூடல் திட்டம் பெரும்பாலும் குழியையும் கழிவு மேட்டையும் பற்றியே பேசுகிறது. சரிவைச் சமன்செய்தல், மரம் நடுதல், நீர் தேக்குதல் ஆகியன இன்றியமையாதவை. அவற்றோடு ஊருக்கும் ஒரு திட்டம் வேண்டும். சுரங்கத்தின் எஞ்சிய ஆயுளை நிறுவனம் ஆண்டுதோறும் ஊராருக்கு அறிவிக்கவேண்டும். நிலத்தின் தன்மை இடந்தரும் இடங்களில், நெடுங்காலம் குடியிருந்தோர் வீட்டுமனை உரிமை பெற வழி வேண்டும். காடு காக்கப்படவேண்டிய இடமானால், அங்கே நிலையான நகரை எழுப்பாமல், அருகிலுள்ள பழைய ஊர்களை வளர்த்து, தொழிலாளர் அங்கிருந்து வந்து செல்ல ஏற்பாடு செய்வதே அறிவுடைமை. பள்ளியும் மருத்துவமனையும் எந்த ஆண்டில் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்படவேண்டும். அறக்கட்டளை நிதியில் ஒரு பகுதி, தாது தீர்ந்தபின் வரும் ஆண்டுகளுக்கென முதலாகச் சேமிக்கப்படவேண்டும். தாது உள்ள காலத்திலேயே தாதுவைச் சாராத தொழில்களுக்கு அது பயன்படவேண்டும்.

இவற்றுக்கான காலம் சுரங்கம் செழித்திருக்கும் காலமே. வருவாய் நின்றபின் கூடும் குழுக்களால் ஆகக்கூடியது குறைவு. ஒரு சுரங்கக் குத்தகையின் கோப்பு மேசைக்கு வரும்போது, எத்தனை டன், எத்தனை ஆண்டு என்று கேட்பது அலுவலரின் வழக்கம். அந்த ஆண்டுகள் முடியும் நாளில் அவ்வூரில் பிறந்த பிள்ளைக்கு என்ன வயதாகும், அது எங்கே படித்து எவ்வேலைக்குச் செல்லும் என்ற கேள்வியையும் அதே கோப்பில் கேட்டு, விடையை எழுதிவைப்பது கடமையாகவேண்டும்.