டர்போவும் இரண்டு நிமிடமும்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓசூர்த் தொழிற்சாலை அனுபவத்தைப் பேசச் சொன்னார் செயலாளர். நான் என் காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். "அண்ணா, டர்போ வெச்ச ஸ்போர்ட்ஸ் கார் பத்து வருஷம் உழைக்குமா?" என்று ஹாஸ்டல் தம்பிகள் காலையிலேயே கேட்டுவிட்டார்கள். உழைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

டர்போ என்பது 1905-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூச்சி காப்புரிமை பெற்ற யோசனை. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். சின்ன இன்ஜின், பெரிய சக்தி! சுமார் 3,000 அடி உயரமுள்ள நம்ம ஓசூரில் காற்று சற்று லேசானது; அந்தக் குறையையும் டர்போ ஈடுகட்டிவிடும்.

ஆனால் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பெட்ரோல் காரில் புகையின் வெப்பம் 900 டிகிரியைத் தொடும். இத்தனையையும் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஏற்றத்தில் விரட்டி வந்து சட்டென்று இன்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தோசைக்கல்லில் தீய்ந்த எண்ணெய் மாதிரி ஆயில் கரியாகி வழியை அடைக்கும். இப்போது பல டர்போக்களுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. ஆனாலும் பழைய ஆயிலை எந்த டர்போவும் மன்னிக்காது.

இதெல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன்? ஆடிட், ஏற்றுமதி, நைட் ஷிப்ட் என்று சொல்லிச் சொல்லி ஆயில் மாற்றுவதை ஏழு மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் விடியற்காலை, அப்பாவை இருதயப் பரிசோதனைக்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு அழைத்துப் போனேன். சூளகிரி தாண்டியதும் பின்னால் ஒரே நீலப் புகை. வண்டிக்கு இழுவையே இல்லை. அப்பாவை வெயிலில் நிற்க வைத்துப் பஸ்ஸுக்குக் கை காட்டினேன். பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் நேரம் தவறிவிட்டது. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, பயப்படும்படி எதுவுமில்லை என்று டாக்டர் சொன்னார்.

மெக்கானிக் கேட்டார்: "ஆயில் எப்ப சார் மாத்தினீங்க?" இரண்டு மாசம் ஆச்சு என்று பொய் சொன்னேன். கரி அடைத்த குழாயை அவர் பேசாமல் என் கையில் கொடுத்தார். தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் கார்டில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் லைனையே நிறுத்துகிற ஆள் நான்! கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இது புதுக் கதையும் அல்ல. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் வந்தது. அதற்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனியாக நிரப்ப வேண்டும். பலர் நிரப்பவில்லை. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

வாங்கும்போதே உதிரிபாகத்தையும் யோசியுங்கள். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2018-ல் டியாகோ ஜே.டி.பி. என்ற 114 குதிரைத்திறன் டர்போ காரைக் கொண்டு வந்தார்கள். நம்ம ஊர்க்காரர்கள் கைபட்ட வண்டி என்று பெருமைப்பட்டோம். 2020-ல் பி.எஸ். 6 விதி வந்ததோடு அது நின்றுபோனது. குறைவாக விற்ற வண்டியை வைத்திருப்பவருக்குப் பொறுமையும் ஒரு உதிரிபாகம்தான்!

இப்போது என் காரில் சின்ன நோட்டு ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் சொன்ன தேதிக்கு முன்பே, சொன்ன தர ஆயில். கிளம்பியதும் இன்ஜின் சூடேறும்வரை விரட்டுவதில்லை. ஏற்றம் ஏறி வந்தால் நிறுத்துமுன் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "ரெண்டு நிமிஷம் ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.

தம்பி தங்கைகளே, தெரிந்திருப்பது வேறு, செய்வது வேறு. முதலாவதை இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்தது. இரண்டாவதைச் சூளகிரி ரோட்டோரம்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள்.