பப்பாசிக்கு வந்த பகையும் துணையும்

2008ஆம் ஆண்டில் இலங்கையின் பப்பாசி மரங்களில் வெண்பஞ்சு போன்றதொரு படலம் பரவலாயிற்று. மரவள்ளியையும் முற்றத்துச் செவ்வரத்தையையும்கூட அது விட்டுவைக்கவில்லை. பலர் பூஞ்சணமென மயங்கினர். உண்மையில் அது மெக்சிகோவிலிருந்து உலகெங்கும் பரவிய வெண்மூட்டுப்பூச்சியாகும். ஊசி போன்ற வாயை ஊன்றிச் சாற்றை உறிஞ்சுவது அதன் தொழில். மெழுகுப் போர்வை கவசமாதலால், தெளிக்கும் நஞ்சு அதன் உடலைச் சென்றடைவது அரிது.

தாயகத்தில் இப்பூச்சி இவ்வாறு பெருகுவதில்லை. அங்கே இயற்கைப் பகைவர் பலர் உளர். அவற்றுள் ஒன்றான, கடுகினும் சிறிய குளவியொன்று 2009இல் இலங்கைக்குக் கொணரப்பட்டது. பெண்குளவி வெண்மூட்டுப்பூச்சியின் உடலினுள்ளே முட்டையிடும். வெளிவரும் குடம்பியோ, இருந்த வீட்டையே தின்று வளரும்! பீடையும் பெரிதும் தணிந்தது.

வீட்டுத்தோட்டக்காரர் முதலில் தடுக்க வேண்டியது எறும்பையே. பூச்சி கழிக்கும் இனிய நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நின்று, குளவியை நெருங்கவிடாது விரட்டும். மொய்த்த இலைகளைத் தொடக்கத்திலேயே கிள்ளி அழிக்கலாம். எஞ்சியவற்றைச் சவர்க்கார நீரால் கழுவலாம். கடும் நஞ்சைத் தெளித்தாலோ, கவசமற்ற குளவியே முன்னர் மடியும். பழுப்புற்று, உப்பி, அசைவற்றுக் கிடக்கும் பூச்சிகளை மட்டும் நசுக்கலாகாது. அவற்றினுள் அடுத்த குளவி வளர்ந்துகொண்டிருக்கும்.