மிஸ் மார்பிள்: எண்ணிக்கையில விட்டுப்போன ஆள்

கிராமத்துல நடக்கற கொலை மர்மக் கதைகளை ஒரு தொடரா எழுதணும், துப்பறியறது வயசான ஒரு அம்மாவா இருக்கணும், அந்த கேரக்டரை எப்படி உருவாக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல பாடம் அகதா கிறிஸ்டியோட மிஸ் மார்பிள். அதனால இன்னைக்கு அவங்க கதைதான்.

மார்பிளுக்கு முன்னாடி ஒருத்தங்க இருந்தாங்க. 1926ல வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' நாவல்ல வர்ற கரோலின் ஷெப்பர்ட். ஊர் டாக்டரோட அக்கா, கல்யாணம் ஆகாதவங்க. வீட்டை விட்டு நகராமலே ஊர்ச் செய்தி மொத்தமும் அவங்களுக்கு வந்து சேர்ந்துடும். கிறிஸ்டிக்கு ரொம்பப் பிடிச்ச கேரக்டர். அந்த நாவலை நாடகமா மாத்தினப்போ என்ன பண்ணாங்க தெரியுமா? கரோலினைத் தூக்கிட்டு, அந்த இடத்துல ஒரு இளம் அழகியைப் போட்டுட்டாங்க. அந்த வருத்தத்துலதான் மார்பிள் பிறந்திருக்கணும்னு கிறிஸ்டி சுயசரிதையில சொல்றாங்க.

இதுலயே உங்களுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் இருக்கு. உங்க கதாநாயகியை எடுத்துட்டு, அதே இடத்துல இருபத்தெட்டு வயசுப் பொண்ணு ஒருத்தியை வெச்சுப் பாருங்க. கதை அப்படியே ஓடுதா? அப்போ நீங்க வயசான கேரக்டரை இன்னும் எழுதலை, நரைமுடி விக் மட்டும்தான் வெச்சிருக்கீங்க.

மார்பிள் முதல்ல வந்தது 1927 டிசம்பர்ல, 'தி டியூஸ்டே நைட் கிளப்' சிறுகதையில. மார்பிள் வீட்டுலயே ஒரு கூட்டம். எழுத்தாளரான அக்கா பையன் ரேமண்ட், ஒரு ஓவியர், ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஸ்காட்லாண்ட் யார்டுல பெரிய பதவியில இருந்து ரிட்டயர் ஆனவர். ஆளுக்கொரு மர்மம் சொல்லி விடை கண்டுபிடிக்கலாம்னு பேசறாங்க. எத்தனை பேர்னு எண்ணினா அஞ்சுதான் வருது. ஆறாவது ஆள் அங்கேயே பின்னல் வேலை பண்ணிட்டு உட்கார்ந்திருக்காங்க. தன்னை மறந்துட்டீங்களேன்னு மார்பிளே சிரிச்சுக்கிட்டு ஞாபகப்படுத்தறாங்க. அவங்க வீட்டுல, அவங்க ஹால்ல! அந்தக் கேரக்டரோட மொத்த டிசைனும் இந்த ஒரு இடத்துல இருக்குன்னு நான் நினைக்கறேன். எண்ண மறந்த ஆள் முன்னாடி யாரும் ஜாக்கிரதையா நடந்துக்க மாட்டாங்க.

சரி, கண்ணுல படாம இருந்தா மட்டும் போதுமா? போதாது, மூளைக்குள்ள ஏதாவது இருக்கணும். மார்பிள்கிட்ட இருக்கறது செயிண்ட் மேரி மீட்ங்கற ஒரே ஒரு கிராமத்தோட பல வருஷ நினைவு. புதுசா ஒரு கொலைகாரரைப் பார்த்தா, நம்ம ஊர்ல இன்னார் இப்படித்தான் நடந்துக்கிட்டார்னு ஏதோ ஒரு சின்ன விஷயத்தை ஞாபகப்படுத்திப்பாங்க. சுத்தி இருக்கறவங்களுக்கு அது கிழவி உளறல் மாதிரி தெரியும். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, பல வருஷ லாக் மொத்தத்தையும் படிச்ச ஆள், புது எரரைப் பார்த்ததும் 'இது ஏற்கனவே வந்த பக்'னு சொல்ற மாதிரி. முப்பது வயசுல அந்த லாக் நம்மகிட்ட இருக்காது. இங்க வயசுதான் அவங்க கருவி.

இன்னொரு விஷயம், அவங்களை ரொம்ப இனிமையான பாட்டி ஆக்கிடாதீங்க. 1930ல வந்த முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்'ல ஊரே அவங்களைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படுது. பறவை பார்க்கறேன்னு பைனாகுலரோட தோட்டத்துல நிப்பாங்க. பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண்மணி போறப்போ கையில ஹேண்ட்பேக் இல்லைங்கறதுகூட அவங்க கண்ணுல படும். பின்னாடி வந்த நாவல்கள்ல கிறிஸ்டி அவங்களைக் கொஞ்சம் மென்மையாக்கிட்டாங்க. எனக்கு அந்தப் பழைய, முள்ளு வெச்ச மார்பிள்தான் பிடிக்கும்.

கிராமத்தையும் அசையாம வெச்சிருக்கக் கூடாது. 1950ல வந்த 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்' போருக்குப் பிந்தைய இங்கிலாந்துல நடக்குது. முன்னெல்லாம் ஒரு குடும்பம் குடிவந்தா, அவங்களைத் தெரிஞ்ச யாராவது ஊர்ல இருப்பாங்க. இப்போ யார்னு கேட்டா அவங்க சொல்றதுதான் ஆதாரம். இருக்கற அடையாள அட்டையில ஃபோட்டோகூடக் கிடையாது. மார்பிளோட பலமே ஆட்களைத் தெரிஞ்சு வெச்சிருக்கறதுதான். யாரையும் யாருக்கும் தெரியாத ஊர்ல அவங்களை விட்டா என்ன ஆகும்? கதையோட பதற்றமே அங்கதான் இருக்கு.

1962ல வந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்'ல உடம்பும் கதைக்குள்ள வந்துடுது. தோட்ட வேலை கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கூட இருந்து பார்த்துக்க வந்த மிஸ் நைட், குழந்தைகிட்டப் பேசற மாதிரியே பேசறாங்க. மார்பிளுக்கு எரிச்சல். அவங்களை ஒரு வேலையா வெளியே அனுப்பிட்டு, ஊருக்குப் பக்கத்துல முளைச்ச புதுக் குடியிருப்பைத் தனியா பார்க்கப் போய், அங்கே கீழே விழுந்துடறாங்க. ஓடி வந்து தூக்கிவிடறது ஹெதர் பேட்காக். அப்புறம் கொலையாகப் போறதும் அவங்கதான். கால் தடுக்கி விழற வயசு இல்லைன்னா அந்தச் சந்திப்பே கிடையாது.

இன்னைக்குக் காலத்துக்கு உதாரணம் வேணும்னா ஆன் கிளீவ்ஸோட வேரா ஸ்டான்ஹோப் இருக்காங்க. நார்தம்பர்லேண்ட் கிராமப்புறம், 1999ல 'தி க்ரோ டிராப்'. நாவல் கணிசமா நகர்ந்த பிறகு, ஒரு இறுதிச் சடங்குல கசங்கின துணியோட உள்ளே வர்றாங்க. பார்த்தா தெருவுல திரியற யாரோன்னு தோணும். அவங்கதான் போலீஸ் அதிகாரி. இங்கேயும் கண்ணு தப்பா எடை போடுது.

கடைசியா தொடர் எழுதறவங்களுக்கு ஒரு கணக்கு. மார்பிள் முதல் கதையிலயே அறுபத்தஞ்சு, எழுபது வயசு. கிறிஸ்டி 'நெமெசிஸ்' வரைக்கும், அதாவது 1971 வரைக்கும் அவங்களை வெச்சு எழுதினாங்க. நேரா கூட்டினா நூத்தி ஒன்பதைத் தாண்டிடும்! இவ்வளவு வயசுல ஆரம்பிச்சிருக்க வேண்டாம்னு கிறிஸ்டியே பின்னாடி வருத்தப்பட்டாங்க. நீங்க ஐம்பத்தெட்டுல ஆரம்பிங்க. முதல்ல படிக்கறதுக்கு 1932ல வந்த 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பை எடுங்க, அந்த டியூஸ்டே நைட் கதை அதுலதான் இருக்கு.