குழந்தைகள் எனும் அமானிதம்

(மக்தப் ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

குழந்தைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களை நாம் பள்ளிக்கூடத்திலும் மக்தபிலும் நம்பி விடுகின்றோம். அவ்விடத்திலேயே ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததோ என்ற ஐயம் எழுமானால் நம் கடமை யாது?

"ஹஜ்ரத், வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், ஜமாஅத்திலேயே பேசி முடித்துவிடலாமே" என்று சிலர் கேட்கின்றனர். அவ்வாறு முடித்துவைக்க எனக்கோ முத்தவல்லி அவர்களுக்கோ அதிகாரம் இல்லை. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையிலுள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகளுக்கு இக்குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மக்தப் நடத்தும் நமக்கும் இது பொருந்தும்.

"நான்கு சாட்சிகள் இன்றிச் சொல்வது அவதூறாகாதா?" என்றும் வினவுகின்றனர். தெருவில் பரப்புவது வேறு. உரிய அதிகாரியிடம் முறையிடுவது வேறு. அநீதியைத் தடுக்க முறையிடுவது தடுக்கப்பட்ட புறம் பேசுதல் அன்று என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். குற்றத்தை நிரூபிப்பது நம் பொறுப்பன்று. அது விசாரணையின் வேலை. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது எனச் சட்டமும் பாதுகாப்பளிக்கிறது.

சந்தேகத்திற்குரியவர் நம் உறவினராகவோ, உஸ்தாதாகவோ இருந்தால்? நீதிக்கான சாட்சியம் நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் அதில் உறுதியாக நிற்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் பணிக்கிறது. அநீதி இழைப்பவனின் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை.

ஆகவே, குழந்தை ஒன்றைச் சொன்னால் அதட்டாதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். "உன் மீது தவறில்லை" என்று கூறுங்கள். காவல் நிலையத்திற்கோ 1098 என்ற இலவச எண்ணிற்கோ தெரிவியுங்கள். காவலர் சீருடையின்றி, வீட்டிற்கே வந்து வாக்குமூலம் பெறச் சட்டம் வழிசெய்துள்ளது. குழந்தையின் பெயரை வெளியிடுவதும் குற்றம். எனவே மஹல்லாவில் எவரிடமும் அதைப் பேசாதீர்கள்.

மறைக்க வேண்டியது குழந்தையின் பெயரை; குற்றத்தை அன்று. மறுமையில் நம்மிடம் கேட்கப்படவிருப்பது குடும்ப மானத்தைப் பற்றியன்று, இந்த அமானிதத்தைப் பற்றியே. நம் குழந்தைகளை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.