அறிதுயில் கொள்ளும் கணிப்பொறி



பிழைப்பு நாடி வெளிமாநிலம் வந்த நாம், தில்லியிலோ புனேயிலோ கொல்கத்தாவிலோ ஒரு வீட்டை அமைத்துக்கொண்டாலும், நம் பொருள்களிற் பாதி பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. முன்பு அவை பித்தளை அண்டாவும் மரப்பெட்டியுமாக இருந்தன. இன்று அவற்றோடு ஒரு பழைய மடிக்கணினியும் மாடியறை மேசைமீது இருக்கிறது. நிலப் பத்திரங்களின் படிகள், தந்தையாரின் மருத்துவச் சீட்டுகள், திருமணப் படங்கள் யாவும் அதனுள்ளே. ஒரு நாள் மாலை அவசரமாகப் பத்திரத்தின் படி ஒன்று தேவைப்படுகிறது, கணிப்பொறியோ உறங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? தொலைபேசியில் அழைத்து, "அம்மா, கொஞ்சம் மாடிக்குப் போய் அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்கிறோம். எழுபது வயதில், முழங்கால் வலியோடு, அவர்கள் படியேறுகிறார்கள். சற்று நேரத்தில் மீண்டும் ஏறுகிறார்கள். முதல் முறை அழுத்தியது வேறு பொத்தான்.

இவற்றையெல்லாம் பெரிய நிறுவனங்களின் இணையச் சேமிப்பகத்தில் வைத்துவிடலாமே என்பர். வைக்கலாம். ஆயினும், வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அதனைப் பிழை என்று சொல்வதற்கில்லை. கணிப்பொறியை இரவும் பகலும் விழித்திருக்கச் செய்வதோ வீண் மின்செலவு. பூட்டிய அறையில் வெப்பமும் சேரும். ஆகவே, உறங்குவதைத் தொலைவிலிருந்து எழுப்பும் வழியையே நாடவேண்டியிருக்கிறது.

திருமால் பாற்கடலில் கொள்ளும் துயிலை நம் முன்னோர் அறிதுயில் என்றனர். உறங்குவதுபோற் தோன்றினும் அறிவு விழித்திருக்கும் துயில் அது. கணிப்பொறியின் உறக்கமும் ஏறத்தாழ அத்தகையதே. திரை இருண்டுவிடும், செயலி ஓய்ந்துவிடும். ஆனால் வலைப்பின்னலோடு இணைக்கும் அட்டைக்கு மெல்லிய மின்னோட்டம் சென்றுகொண்டே இருக்கும். தன்பால் வரும் செய்திகளை அது செவிமடுத்திருக்கும். அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் அதற்கு விளங்கும்; அது தன் பெயர்.

ஒவ்வோர் இணைப்பு அட்டைக்கும் 6 பைட் நீளமுள்ள தனி எண் ஒன்று உண்டு. இதனை மேக் முகவரி என்பர். எழுப்பும் செய்தியில் முதலில் எல்லா இலக்கங்களும் 1 ஆகவே அமைந்த 6 பைட்டுகள் வரும். இது கவனியுங்கள் என்று கைதட்டுவது போன்றது. அதன் பின்னர் மேக் முகவரி 16 முறை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆக 102 பைட்டுகள். அட்டை இதனைக் கேட்டதும் மற்ற உறுப்புகளை எழுப்பிவிடும். 1995-ஆம் ஆண்டில் ஏஎம்டி நிறுவனம் ஹியூலட்-பேக்கர்டு நிறுவனத்தோடு கூடி இம்முறையை வகுத்து, இச்செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயரிட்டது. மாயம் ஏதுமில்லை, பதினாறு முறை பெயர் சொல்லி அழைத்தால் எவர்தாம் எழமாட்டார்? நாளடைவில் இது வேக் ஆன் லேன் என்னும் பெயரால் அலுவலகங்களிற் பரவிற்று. ஊழியர் சென்றபின் இரவில் நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளை எழுப்பிப் பழுதுபார்ப்பதற்கே இது முதலிற் பயன்பட்டது.

அலுவலகத்தில் எளிதாக நடப்பது, புனேயிலிருந்து மன்னார்குடி வீட்டுக்கு ஏன் நடப்பதில்லை? அலுவலகத்தில் எழுப்புகிறவரும் உறங்குவதும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனர். இவ்வழைப்பு ஒரு கூடத்தில் நின்று எல்லோரும் கேட்கக் கூவுவது போன்றது. வாசலுக்கு வெளியே நின்று கூவினால் உள்ளே கேளாது. வாசலிற் காவல் நிற்பது ரூட்டர். வெளியிலிருந்து வரும் இத்தகைய பொதுக் கூவல்களை உள்ளே விடவேண்டாம் என்பது 1999 முதல் ரூட்டர்களுக்கு விதிக்கப்பட்ட பொது வழக்கம். அவ்வாறு விட்டதனால் விளைந்த தாக்குதல்களே அதற்குக் காரணம்.

சிலர் ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து, செய்தியை நேரே அந்தக் கணிப்பொறிக்கு அனுப்புமாறு அமைப்பர். அது ஐந்து நிமிடம் வேலை செய்யும். மறுநாட் காலை செய்யாது. பலரைத் திகைக்க வைப்பது இதுவே. எந்த முகவரியில் யார் இருக்கிறார் என்னும் குறிப்பேடு ஒன்றை ரூட்டர் வைத்திருக்கிறது. உறங்குவது மறுமொழி கூறாமையால், சிறிது நேரத்தில் அதன் பெயர் அக்குறிப்பேட்டினின்று நீங்கிவிடுகிறது. அன்றியும், நம் நாட்டில் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குத் தனிப் பொதுமுகவரியே கிடையாது; பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே வாயிலைத் திறந்தும் பயனில்லை.

எனவே, வீட்டுக்குள்ளேயே ஒருவர் விழித்திருக்க வேண்டும். சில ரூட்டர்களிலேயே எழுப்பும் வசதி உண்டு. இல்லையெனில், உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணிப்பொறி ஒன்றை ரூட்டரின் அருகில் வைத்துவிடலாம். சில வாட் மின்சாரமே அதற்குப் போதும். நாம் வி.பி.என். என்னும் மறைவழியாக அதனோடு பேசுவோம். உள்ளே நின்று கூவும் வேலையை அது செய்யும். வெளி வாயில் எதனையும் திறந்துவைக்க வேண்டாம். கணிப்பொறியின் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதியை வெளிப்படையாகத் திறந்து வைப்பது, பத்திரப் பெட்டியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

இனி மடிக்கணினியின் குறும்புகள். மேசைக் கணிப்பொறியைப் போல இது எளிதில் எழாது. வைஃபை வழியாக எழும் திறன் பல மடிக்கணினிகளில் இல்லை; இருப்பினும் உறுதியில்லை. ஆதலின் கம்பியால் இணைப்பதே நலம். கம்பித் துளைக்கும் வைஃபைக்கும் மேக் முகவரிகள் வெவ்வேறு. ஒன்றுக்கு மற்றொன்றைக் குறித்துக்கொண்டு வருந்தியவர் பலர். மெல்லிய மடிக்கணினிகளிற் கம்பித் துளையே இல்லை, யு.எஸ்.பி. வழியாக இணைத்தாலோ, உறக்கத்தில் அதற்கு மின்சாரம் நின்றுவிடுவதும் உண்டு. மின்கலத்தில் மட்டும் இயங்கும்போது செவிமடுப்பதையே பெரும்பாலானவை நிறுத்திவிடும். சார்ஜர் செருகியே இருக்கவேண்டும். மின்கலம் நிறைவதை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதனைப் பயன்படுத்துக; எப்போதும் நிறைந்தே இருக்கும் பழைய மின்கலம் உப்பிவிடக்கூடும். பெரியவர்கள் மட்டும் வாழும் வீட்டில் இது சிறு செய்தியன்று.

பயாஸ் அமைப்பில் எழுப்பும் வசதிக்கு இசைவு அளிக்கவேண்டும். விண்டோசிலும் அந்த அட்டைக்குத் தனியே இசைவு உண்டு. அங்கே மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழுக என்னும் கட்டத்தைக் குறியிட மறவாதீர்கள். மறந்தால் வேறு சில்லறைச் செய்திகளுக்கும் நள்ளிரவில் எழுந்து, இருண்ட அறையில் ஒளிர்ந்து, வீட்டாரை அச்சுறுத்தும். முழுதும் அணைத்துவிடாமல் உறக்க நிலையில் விடுவதே பெரும்பாலும் பலன் தரும்.

இச்செய்திக்கு மறுமொழி கிடையாது. எழுந்ததா இல்லையா என்பதை நாமே பார்த்தறிய வேண்டும். ஆதலின், பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது இவற்றையெல்லாம் அமைத்து, இரவு முழுதும் உறங்கவிடுங்கள். மறுநாட் காலை கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டுத் தெருக்கோடிக்குச் சென்று, அங்கிருந்து எழுப்பிப் பாருங்கள். ரயில் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே இதனைச் செய்யுங்கள். எழவில்லையென்றால், மாடியேறிச் சரிசெய்ய நாமே அங்கு இருப்போம்.