மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் யார்?



எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் பங்கில் ஒரு சாமியாருக்கு வழியனுப்பு விழா. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பொன்னாடை போர்த்தி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பீடச்சிறுவர்கள் நாங்கள் வரிசையில் நின்று பாட்டுப் பாடினோம். எங்களில் ஒருவன் மட்டும் வரவில்லை. முந்தின வாரமே அவனைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். "சாமியப் பத்தி வாயத் தொறக்காதடா, குடும்பம் வெளங்காது" என்றாள் என் அப்பாயி. சாமியாருக்கு மாற்றல் ஆகிவிட்டது, பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த ஊரில் மேளதாளத்தோடு வரவேற்றிருப்பார்கள். அந்த ஊரிலும் பீடச்சிறுவர்கள் இருந்திருப்பார்கள்.

இன்றைய தலைப்பைக் கேட்டதும் நண்பர் ஒருவர், "வேலியே பயிரை மேய்ந்த கதையா?" என்றார். அந்தப் பழமொழியில் எனக்கு ஒரு குறை உண்டு. மேய்ந்த வேலியைத் திட்டுகிறது, சரி. அந்த வேலியைப் பிடுங்கிக் கொண்டுபோய் அடுத்த வயலில் நட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லையே! நான் பேச வந்தது அவனைப் பற்றி.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். ஜான் கேகன் என்று ஒரு குருவானவர். 1962-ல் குருப்பட்டம் பெற்றார். முப்பது ஆண்டுகளில் ஆறு பங்குகள். சிறு வயதில் இவர் எங்களைச் சீரழித்தார் என்று பின்னாளில் சொன்னவர்கள் 130 பேருக்கும் மேல். யாருக்கும் தெரியாமலா நடந்தது? 1982-ல் ஒரு பெண்மணி கர்தினாலுக்குக் கடிதம் எழுதுகிறார்: என் சொந்தபந்தத்தில் மட்டும் ஏழு பையன்கள் என்று. 1984-ல் புதுப் பேராயர் பெர்னார்ட் லா வருகிறார். அந்தப் பெண்மணி அவருக்கும் எழுதுகிறார். பேராயர் என்ன செய்தார்? கேகனுக்கு வெஸ்டன் என்ற ஊரில் புதிய பங்கு கொடுத்தார். இது சரியில்லை என்று துணை ஆயர் ஒருவரே எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதமும் கோப்புக்குள் போனது. வெஸ்டனில் கேகனுக்குக் கொடுத்த பொறுப்புகளில் ஒன்று என்ன தெரியுமா? பீடச்சிறுவர்களைப் பார்த்துக்கொள்வது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? நீதிமன்றத்தில் முத்திரையிட்டுப் பூட்டி வைத்திருந்த ஆவணங்களைத் திறக்கச் சொல்லி 2001-ல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனி உத்தரவிட்டார். 2002 ஜனவரி 6-ம் தேதி 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை முதல் செய்தியை வெளியிட்டது. திருச்சபையின் விரோதிகள் கட்டிய கதை என்று நம் ஊரிலும் சிலர் சொல்வார்கள். அந்த நீதிபதி படித்தது கத்தோலிக்கப் பள்ளியில். அந்தச் செய்தியாளர்கள் வளர்ந்தது கத்தோலிக்கக் குடும்பங்களில். கோயிலுக்குள் வளர்ந்த பிள்ளைகள்தான் கோயில் அலமாரியைத் திறந்தார்கள்.

கேகன் சிறைக்குப் போனார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2003-ல் அறிக்கை கொடுத்தார். அறுபது ஆண்டுகளில் 250 குருக்கள், பணியாளர்கள் மீது 789 பேரின் புகார். ஆனால் மேலே இருந்தவர்கள் ஒருவர் மீதும் குற்ற வழக்கு இல்லை. புகாரைக் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமையை அந்த மாநிலம் குருக்கள் மீது சுமத்தியதே 2002-ல்தான். பெர்னார்ட் லா பதவி விலகினார். அப்புறம்? 2004-ல் ரோமில், மரியன்னையின் பெயரால் விளங்கும் மாபெரும் பேராலயத்துக்கு அவர் தலைமைக் குருவானார். ஆக, அவருக்கும் மாற்றல்தான். நல்ல இடமாகவே கிடைத்தது.

(சிரிக்கிறீர்கள். அடுத்ததற்குச் சிரிக்க முடியாது.)

ஊட்டி மறைமாவட்டத்துக் குரு ஒருவர் 2004-ல் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் பணி செய்யப் போனார். அங்கே பதின்வயதுச் சிறுமிகளிடம் தவறாக நடந்தார் என்று புகார். அதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். மினசோட்டா ஆயர் ரோமுக்கு எழுதுகிறார், ரோம் ஊட்டிக்கு எழுதுகிறது. இங்கே கிடைத்த தண்டனை, மடத்தில் ஓராண்டு ஜெபம். 2010-ல் செய்தி நிறுவனம் தேடி வந்தபோது அவர் ஆயர் அலுவலகத்தில் இருந்தார், பள்ளி ஆசிரியர் நியமன வேலை பார்த்துக்கொண்டு! 2012-ல் கைது, 2014-ல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு, 2015-ல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டும் ஒரு நாளும் தண்டனை. அது ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தில் கழிந்துவிட்டது. திரும்பி வந்தார். 2016-ல், ரோமுடன் கலந்தாலோசித்து, அவருடைய இடைநீக்கம் நீக்கப்பட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இந்தச் செய்தியைப் படிக்கும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நம் மண்ணின் பெயர் அவளுக்கு இப்படியா அறிமுகமாக வேண்டும்?

"ஏன் எங்களை மட்டும்?" என்று என் மதத்துக்காரர்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்களை மட்டுமா சொன்னேன்? விராலிமலைப் பக்கம் ஓர் ஆசிரமம் இருந்தது, மறந்துவிட்டீர்களா? 1994-ல் அங்கிருந்து தப்பிவந்த பெண்கள் வாய் திறந்தார்கள். 13 பெண்களைக் கெடுத்த குற்றத்துக்கும் ஒரு கொலைக்கும் 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் அந்த ஆசிரமத்துச் சாமியார் பிரேமானந்தாவுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆசிரமத்தில் அண்டி நின்ற பிள்ளைகள் அவர்கள். அவர்கள் சொன்னதை நீதிமன்றம் நம்பியது. ஊர் நம்ப எத்தனை நாள் எடுத்தது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் நியாயமானது. பொய்ப் புகார் வந்தால்? இதே வகைப் புகாரில் சிறைப்பட்ட ஆஸ்திரேலியக் கர்தினால் ஜார்ஜ் பெல்லை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2020-ல் விடுவித்தது. அவர் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நீதிமன்றத்தால்தான். ஆயர் இல்லத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் விசாரணை, குற்றம் செய்யாதவருக்கும் எந்தச் சான்றிதழையும் கொடுக்காது.

நம்மிடம் 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. 19-ம் பிரிவின்படி, குழந்தைக்குக் கொடுமை நடந்தது என்று தெரிந்த எவரும் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். 21-ம் பிரிவில் எனக்குப் பிடித்த ஒரு சொற்றொடர்: நிறுவனம் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்த தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்! மறைமாவட்டம், மடம், மதரசா, ஆசிரமம், மிஷன். எழுதியவர் யாரோ, நம்மை நன்றாக அறிந்தவர்.

ஆனால் எழுத்து இருந்தால் போதுமா? கேரளத்துக் கொட்டியூரில் ஒரு சிறுமியைக் கெடுத்த பங்குத்தந்தைக்கு 2019-ல் 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த மற்றவர்கள் விடுதலையானார்கள். அந்தச் சிறுமியின் அப்பாவே முதலில் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். சாமியாரைக் காப்பாற்ற ஒரு தகப்பன் அந்த அளவுக்கு இறங்குகிறான் என்றால், அவன் காதில் எத்தனை அப்பாயிகள் "குடும்பம் வெளங்காது" என்று சொல்லியிருக்க வேண்டும்!

அதனால் ஒரு மனு எழுதியிருக்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. எந்தச் சமயமானாலும் சரி, ஒரு குருவை இடம் மாற்றும்போது, அவர் மீது குழந்தைகள் தொடர்பான புகார் வந்ததா, வந்திருந்தால் எந்தக் காவல் நிலையத்தில், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதை மாற்றல் உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள் என்று கேட்கிறோம். கையெழுத்துப் போடும் கைக்கு அப்போது தெரியும், நாளைக்கு இந்தத் தாள் நீதிமன்றத்தில் விரியும் என்று.

மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது, அன்றைக்கு வழியனுப்பு விழாவுக்கு வராத அந்தப் பையனுடையது. அவனுக்கு இப்போது அறுபது வயது. கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்க்காதீர்கள், அவனுக்குப் பிடிக்காது. பேனா கொண்டுவராதவர்களுக்கு மேசையில் பேனா இருக்கிறது.